குதிரும் பூனையும்: தருமபுரி மாவட்டத்தில் சத்தம் போடாத ஒரு வீட்டு விலங்கு

வளர்ந்த பூனை இன்னொரு பூனையைப் பார்த்து 'மியாவ்' என்று கத்துவது அரிது. குட்டி தாயைத் தேடிக் கத்தும். கடுவன்கள் சண்டையிலும் இணைசேரும் பருவத்திலும் ஊரைக் கூட்டும். இவை போக மீதமுள்ள 'மியாவ்' எல்லாம் பெரும்பாலும் மனிதருக்காக எழுப்பப்படுவதுதான். கதவைத் திற, பாலை ஊற்று, மீனைப் போடு என்று கேட்க வேண்டிய பூனை அதைக் கற்றுக்கொள்கிறது. தன் இரையைத் தானே பிடித்துக்கொள்ளும் பூனைக்கு அந்தத் தேவை குறைவு. தருமபுரி மாவட்டத்தில் பூனை வளர்த்த கதை பெருமளவுக்கு இந்த இரண்டாவது வகைப் பூனையின் கதை. வீட்டுப் பூனை ஏன் கத்துவதே இல்லை என்று கவலைப்படுவது இன்றைய வழக்கம். கேழ்வரகும் சாமையும் குதிரில் கிடந்த வீட்டுக்கு அது குறையாகவே பட்டிருக்காது.

மாவட்டத்தின் நிலம் இதற்கு முதல் காரணம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளும் அவற்றின் அடிவாரச் சரிவுகளும் கொண்ட பகுதி இது. மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி இறங்குகிறது, கிழக்கே தென்பெண்ணை போகிறது. ஆனால் இவை நனைக்கும் நிலம் கொஞ்சம். பெரும்பகுதி மானாவாரி. 1965 அக்டோபர் 2இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதனுள் இருந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. இந்த மேட்டு நிலம் முழுவதற்கும் சோறு என்றால் பல தலைமுறைகளுக்குக் களிதான். வீட்டில் கேவுரு, அதாவது கேழ்வரகு, இருக்கிறதா என்ற கேள்விதான் அந்த ஆண்டு எப்படிப் போகும் என்பதைச் சொன்னது.

கேழ்வரகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மணி சிறியது, தோல் கெட்டியானது. நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் மூடிவிட்டால் வண்டும் அந்துப்பூச்சியும் எளிதில் அண்டாது. நெல்லும் சோளமும் தாங்காத காலத்துக்கு அது தாங்கும். மைசூர் மேட்டு நிலத்திலும் அதையொட்டிய இந்தப் பகுதிகளிலும் கேழ்வரகைத் தரைக்கு அடியில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பிக் கொட்டி மூடி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். மழை பொய்த்த ஆண்டுக்கு அதுவே காப்பு. உடனடித் தேவைக்கு மண்குதிரும் அடுக்குப் பானையும் மூங்கில் கூடையும் இருந்தன. மலைக் கிராமங்களில் சாமையும் வரகும் தினையும் இதே வகையில் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

வண்டு தொடாத தானியத்தை எலி தொடும். எலி என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் குடியானவருக்கு அது பல விலங்கு. வீட்டுக் கூரையிலும் பரணிலும் ஓடுவது வீட்டெலி. வயல் வரப்பில் வளை தோண்டிக் கதிரை அறுத்து உள்ளே இழுத்துச் சேர்ப்பது வரப்பெலி. மேட்டுக் காட்டில் இரவில் வருவது வெள்ளெலி. சுவரின் அடித்தளத்தையே பறித்துவிடுவது பெருச்சாளி. அடுப்படியில் சிந்தியதைப் பொறுக்குவது சுண்டெலி. இவற்றுள் சுண்டெலியும் இளம் வீட்டெலியும்தான் சராசரிப் பூனைக்கு உரிய இரை. வளர்ந்த பெருச்சாளியோடு மோத எந்தப் பூனையும் விரும்பாது. எல்லா எலியையும் பூனை ஒழித்துவிடும் என்பது பூனை வளர்க்காதவர்களின் நம்பிக்கை.

பூனை செய்வது வேறு வேலை. பிரிட்டனில் சார்ல்ஸ் எல்டன் என்ற சூழலியலாளர் பண்ணைகளில் ஆய்வு நடத்தி 1953இல் முடிவை வெளியிட்டார். எலி பெருகிப்போன இடத்தில் பூனையை விட்டால் பெரிய பயன் இல்லை. எலியை ஒருமுறை வேறு வழியில் ஒழித்துவிட்டால், மறுபடி குடியேறாமல் பூனை காத்துவிடும். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பூனைக்குக் கொஞ்சம் பாலாவது வீட்டில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் அது தானியக் கொட்டகையைச் சுற்றியே இருக்கும், இல்லாவிட்டால் காட்டுப்பக்கம் போய்விடும். பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று நம்மூரில் சொல்வதுண்டு. எல்டனின் முடிவு அதற்கு நேர் எதிரானது.

பூனை வேட்டையாடும் முறைக்கும் அதன் அமைதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாய் துரத்தும், கூட்டாகக் குரைக்கும். பூனை தனியாகப் போய் வளைக்கு எதிரே உட்கார்ந்துவிடும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். எலிக்குஞ்சுகள் தாயை அழைக்கும் மிக உயர்ந்த ஒலி வீட்டாருக்குத் தெரியாது, பரணில் படுத்திருக்கும் பூனைக்குத் தெரியும். அசையாமல், தன் ஓசையைக் காட்டாமல், பிறர் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பதே அதன் தொழில். அதனால்தான் பூனைக்கு மணி கட்டும் யோசனை எலிகளின் சபையில் பிறந்ததாகக் கதை சொல்கிறது. கழுத்துப்பட்டையில் மணி கட்டிய பூனைகள் குறைவான இரையே பிடிக்கின்றன என்பதைப் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளும் காட்டின. எலிகளின் யோசனை சரியானதுதான்.

மனிதரோடு பூனை சேர்ந்ததும் தானியத்தின் பொருட்டுத்தான் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. மேற்கு ஆசியாவில் மக்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கினார்கள். அங்கே எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனிதரின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று சிந்துவெளியின் சாங்குதாரோவில் கிடைத்த செங்கல். காயாத செங்கலின் மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது, அதன் பின்னால் ஒரு நாய் ஓடியிருக்கிறது. இரண்டின் கால் தடமும் சூளையில் வெந்து நிலைத்துவிட்டன.

தமிழ் இலக்கியத்தில் பூனை இரவில் வருகிறது. குறுந்தொகையின் 107ஆம் பாடலில், விடியலில் கூவித் தன் துயிலைக் கலைத்த சேவலைத் தலைவி சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டு எலியைப் பார்த்திருக்கும் வெருகுக்கு அது இரையாகட்டும் என்பது சாபம். வெருகு என்பது காட்டுப்பூனையையே குறித்தாலும், அது வீட்டு எலிக்காக வந்து காத்திருக்கிறது என்ற செய்தி முக்கியமானது. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு விலங்கு நிற்பதை அந்தப் பாடல் பதிவு செய்கிறது. புறநானூற்றின் 326ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. ஊரின் பழைய வேலியோரம் இருட்டில் வெருகு பார்த்துப் பார்த்து நடக்கிறது. அதைக் கண்டு அஞ்சிய இளம் பெட்டைக் கோழி அலறுகிறது. பஞ்சு சுத்தம் செய்ய எழுந்த பெண்ணின் சிறு விளக்கொளியில் சேவலைப் பார்த்த பிறகே கோழி அடங்குகிறது. அந்தக் காட்சியில் எல்லாரும் ஏதோ ஓசை எழுப்புகிறார்கள், வெருகைத் தவிர.

தருமபுரி அன்றைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர், ஔவை வந்து தங்கிய இடம். பின்னாளில் ஆநிரை கவர்தலும் மீட்டலும் மிகுந்திருந்த எல்லைப்பகுதி. அதனால்தான் தருமபுரியிலும் அதையடுத்த செங்கம் பகுதியிலும் நடுகற்கள் மிகுதி. தருமபுரி நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். செங்கம் பகுதியின் எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கும் நடுகல் உண்டு. குரைத்த நாய்க்குக் கல், கூவிய சேவலுக்குக் கல். குதிர்த் தானியத்தைக் காத்த பூனைக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை. அது ஈடுபட்ட போரில் தோற்றது எலி மட்டும்தான் என்பதால் அரசனுக்கும் அதில் அக்கறை இருந்திருக்காது.

பூனையின் அமைதி பாராட்டப்பட்டதைவிடச் சந்தேகிக்கப்பட்டதே அதிகம். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை பின்காலில் நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் இந்தக் கதை வருகிறது. கங்கைக் கரையில் நோன்பு நோற்பதாகச் சொன்ன பூனையை எலிகள் நம்புகின்றன, பூனை கொழுக்கிறது, எலிக்கூட்டம் குறைகிறது. தருமனைப் பொய்த் தவசி என்று இடித்துரைக்க உலூகன் வாயிலாகத் துரியோதனன் சொல்லியனுப்பும் கதை அது. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற கேலியிலும் உருத்திராட்சப் பூனை என்ற வசையிலும் இருப்பது இதே நினைவு. பேசாத மனிதனைப் பற்றி ஊர் என்ன நினைக்குமோ அதைப் பூனைமீது ஏற்றிவிட்டது.

வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். வைணவத்தில் தென்கலையார் சரணாகதியை விளக்கப் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். கழுத்துத் தோலைத் தாய் கவ்வியதும் குட்டி உடலைத் தளர்த்திச் சத்தமின்றித் தொங்குவதைப் பார்த்தவர்களால்தான் இந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும். குட்டிகளைப் பூனை ஏழு வீடு மாற்றும் என்ற பேச்சு தமிழ்நாடெங்கும் உண்டு. வளர்ப்பவருக்கே தெரியாமல் குட்டிகள் பரணுக்கும் வைக்கோற்போருக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

விசயநகரக் காலத்தை நினைவூட்டும் நாட்டுக் கதை ஒன்று தமிழ்க் குழந்தைகள் அனைவருக்கும் தெரியும். எலித் தொல்லை மிகுந்துவிட்டதால் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தருகிறார். தெனாலிராமன் கொதிக்கும் பாலை வைத்துப் பூனைக்குச் சூடு காட்டிவிடுகிறான். அதன் பிறகு பாலைக் கண்டாலே பூனை ஓடுகிறது, பால் முழுவதும் தெனாலிராமன் வீட்டுக்கு. கதையின் சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதமிருப்பது ஒரு நிர்வாகக் கணக்கு: பூனையை வைத்துக்கொள்ள வீட்டுக்கு ஆகும் செலவு பால். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழும் தருமபுரிப் பகுதிக்கு இது அயலூர்க் கதை அல்ல. இப்பகுதியும் விசயநகர ஆட்சியின் கீழ் இருந்ததுதான்.

மைசூர் ஆட்சியிலிருந்த, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். அளக்கும் பழக்கம் அதன்பின் நின்றதில்லை. 1919இல் கால்நடைக் கணக்கெடுப்பும் தொடங்கியது. 2019இல் எடுத்த 20ஆவது கணக்கெடுப்பில் மாடு, எருமை, ஆடு, பன்றியோடு நாய், முயல், யானைகூட இடம்பெற்றன. பூனைக்கு இடமில்லை. தருமபுரியில் எத்தனை பூனை இருந்தது என்று எந்த நூற்றாண்டின் ஆவணமும் சொல்லாது.

ஒரே ஒரு சமயம் அரசாங்கம் பூனையைப் பற்றி யோசித்தது. அது பிளேக் காலம். 1896இல் மும்பையில் தோன்றிய பிளேக் 1898இல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் அதிகத் தொலைவில் இல்லை. மைசூர் நாட்டையொட்டிய சேலம் மாவட்டத்தின் வடக்குத் தாலுக்காக்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இந்த நோயின் அச்சத்திலேயே இருந்தன. எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்து வயலில் கொட்டகை போட்டுத் தங்குவது பரவலான நடைமுறையாயிற்று. கூரையிலிருந்து விழும் எலி முதலில், மனிதர் பிறகு என்ற வரிசையை மக்கள் மருத்துவர்களுக்கு முன்பே கவனித்திருந்தார்கள். எலித்தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்பதை 1898இல் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னார். மும்பையில் கிளென் லிஸ்டனும் பிளேக் ஆணையத்தாரும் 1905க்குப் பிறகு அதை உறுதிப்படுத்தினார்கள்.

எலிதான் காரணம் என்றானதும் பூனையின் பக்கம் பார்வை திரும்பியது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஆண்ட்ரூ புக்கானன் அமராவதி வட்டாரத்தில் ஊர் ஊராகப் பூனைகளைக் கணக்கெடுத்தார். பூனை அதிகமிருந்த ஊர்களில் பிளேக் தலைகாட்டவில்லை அல்லது குறைவாகவே இருந்தது என்று 1908இல் எழுதினார். வீட்டுக்கு ஒரு பூனை வளர்க்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. அதைச் சட்டமாக்கவோ பெரிய திட்டமாக்கவோ அரசு முனையவில்லை. முனையாததும் நல்லதே. பூனைக்கும் பிளேக் தொற்றும், நோயுற்ற பூனையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பது பின்னர் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. எலி வராத வீட்டைப் பூனை காக்கலாம், எலி செத்துக்கொண்டிருக்கும் வீட்டில் அதுவே ஆபத்து. இந்த வேறுபாடு புக்கானனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிளேக் இப்பகுதியை விட்டு உடனே போய்விடவும் இல்லை. 1994இல் சூரத்தில் பரபரப்பு எழுவதற்கு முன், இந்தியாவில் ஆய்வகம் உறுதிசெய்த கடைசி மனித நோயாளி 1966இல் கர்நாடகத்தில் பதிவானவர். கோலார், சித்தூர், அன்றைய தருமபுரி ஆகிய மாவட்டங்கள் சந்திக்கும் முக்கூட்டு எல்லை அதன் பிறகும் நாட்டின் பிளேக் கண்காணிப்பு இடங்களில் ஒன்றாக இருந்தது. காட்டு வெள்ளெலி நோயைத் தாங்கிக்கொண்டு உயிர்வாழும், அதன் தெள்ளு வீட்டெலிக்கு ஏறினால் ஊருக்குள் வரும். பெங்களூரிலிருந்த தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் கிளை இந்த எல்லைக் கிராமங்களில் எலிகளைப் பிடித்து இரத்தத்தைச் சோதித்து வந்தது. கோவை போன்ற ஊர்களில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

களஞ்சிய வீட்டில் பூனையின் அன்றாடம் எழுதப்படாத சில ஒப்பந்தங்களின்படி நடந்தது. பாலும் தயிரும் உறியில் தொங்கும். உறி என்பது எலிக்கும் பூனைக்கும் ஒருசேரப் போட்ட தடை. கறந்த பாலில் ஒரு வாய், கறி சமைத்த நாளில் எலும்பு, மற்ற நாளில் மோர் ஊற்றிய களியின் மிச்சம். இது சம்பளம் அல்ல, தங்குவதற்கான முன்பணம். பெயர் வைப்பதும் அரிது, பூனை என்றே கூப்பிட்டார்கள். நாயைப் போல அது வீட்டுக்காரரோடு தோட்டத்துக்குப் போவதில்லை. வீடு மாறினால் பூனை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்பது எல்லார்க்கும் தெரிந்த செய்தி. மனிதரைவிட இடத்தின்மீது அதற்குப் பற்று அதிகம். வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களும், வீட்டுக்குள் அதே பூனையைப் பரணில் ஏற்றிவிட்டவர்களும் ஒரே ஆட்கள்தான். பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்ற நம்பிக்கை சகுன நம்பிக்கையைவிட உறுதியாக இருந்தது. அதன் பின்னால் குதிரின் நலன் இருந்திருக்கலாம்.

பட்டு வந்தபோது காக்க வேண்டிய பொருளும் கூடியது. மைசூரிலிருந்து பரவிய மல்பெரிச் சாகுபடி தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் வேரூன்றியது. தருமபுரியின் அரசு பட்டுக்கூடு அங்காடி தமிழகத்தின் முக்கியமான அங்காடிகளுள் ஒன்று. பட்டுப்புழுவையும் கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவையும் எலி விரும்பித் தின்னும். தட்டுகளைத் தாங்கும் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுக்கலாம், எலியை அப்படித் தடுக்க முடியாது. சப்பானில் பட்டு வளர்த்த ஊர்களில் பூனைக்குத் தனி மதிப்பு இருந்தது. தாசிரோசிமா என்ற தீவில் பூனைக்குக் கோயிலே உண்டு. புழுவைக் காக்க வளர்த்த பூனைகளே அத்தீவில் பின்னர் பெருகின. தருமபுரியில் அப்படி ஒரு வழிபாடு உருவாகவில்லை. இங்கே பட்டு பரவலான காலத்திலேயே கம்பிவலையும் எலிப்பாசாணமும் கைக்கு வந்துவிட்டன.

பாசாணம்தான் பூனையின் வேலையை முதலில் பறித்தது. துத்தநாக பாஸ்பைடும் பின்னர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்துகளும் எலிக்கு வைக்கப்பட்டன. மருந்து தின்று தள்ளாடும் எலி எளிதான இரை. அதைப் பிடித்துத் தின்ற பூனையும் செத்தது. அடுத்தது கட்டடம். மண்சுவரும் ஓலைக்கூரையும் போய் சிமென்ட் தளம் வந்தது, பரண் போயிற்று, குதிர் உடைந்து குப்பைக்குப் போயிற்று. மூன்றாவது, வீட்டில் தானியமே இல்லாமற் போனது. ரேஷன் அரிசி மாதந்தோறும் வந்தது. 2011 சூன் முதல் அது விலையில்லாமல் வந்தது. ஓராண்டுத் தானியத்தை வீட்டில் அடைத்து வைக்கும் தேவை நீங்கியது. கேழ்வரகு விளைந்த நிலங்களில் மரவள்ளியும் மஞ்சளும் தக்காளியும் மாவும் ஏறின. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. கேழ்வரகு வீட்டுக்குத் திரும்பியது, ஆனால் பையில். பையில் வரும் 2 கிலோவுக்குக் காவல் தேவையில்லை.

வேலை போனபின் பூனை வீட்டை விட்டுப் போகவில்லை, வீட்டுக்குள் வந்தது. இன்றைய நகரத்துப் பூனைக்கு எலி தெரியாது, கிண்ணம் தெரியும். கிண்ணம் நிரம்புவது மனிதர் எழுந்து வருவதைப் பொறுத்தது, மனிதர் எழுந்து வருவது குரலைப் பொறுத்தது. பூனையின் குரலை முறைப்படி வகுத்த முதல் ஆய்வுகளில் ஒன்றை 1944இல் மில்ட்ரெட் மொயல்க் என்ற அமெரிக்கர் வெளியிட்டார். பதினாறு ஒலி வகைகளை அவர் பிரித்துக் காட்டினார். ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் குரலைவிட வீட்டுப் பூனையின் 'மியாவ்' மனிதக் காதுக்கு இனிமையாகப் படுகிறது என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டது. எது பலிக்கிறதோ அதைப் பூனை மீண்டும் செய்கிறது. நாளுக்கு இருபது முறை கத்தும் பூனை பெரும்பாலும் இருபது முறை பலன் கண்ட பூனை.

இந்த நிலையில்தான் கத்தாத பூனை ஒரு புதிராகிறது. பழைய வீட்டில் அது இயல்பு, புதிய வீட்டில் அது கவலை. பெரும்பாலான சமயம் கவலைக்கு இடமில்லை. தெருவிலும் கொட்டகையிலும் பிறந்து, மனிதக் கையைத் தாமதமாகப் பார்த்த குட்டிகள் வாழ்நாள் முழுவதும் குறைவாகவே கத்தலாம். கருத்தடை செய்த பூனையிடம் பருவகாலக் கூச்சல் அடங்கிவிடும். சில பூனைகள் வாயை மட்டும் திறந்து ஒலியே இல்லாமல் 'மியாவ்' சொல்லும். அவை வேறு வழியில் பேசுகின்றன. வாலை நிமிர்த்தி வருவது வரவேற்பு. கன்னத்தையும் விலாவையும் காலில் உரசுவது தன் வாசனையை ஏற்றி உறவு கொண்டாடுவது. கண்ணை மெல்ல மூடித் திறப்பது அச்சமின்மை. காதைப் பின்னுக்கு மடக்குவது போதும் என்ற எச்சரிக்கை. தொண்டைக்குள் ஓடும் குர்ர் ஒலியைக் கையை வைத்தால்தான் உணர முடியும் என்ற பூனைகளும் உண்டு. காது கேட்காத பூனை அமைதியாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. தன் குரல் தனக்கே கேட்காததால் அது உரக்கக் கத்துவதே வழக்கம்.

அமைதியான பூனையோடு வாழ்வதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அது மாட்டிக்கொண்டாலும் கூப்பிடாது. அலமாரி, பூட்டிய அறை, மொட்டை மாடி, நிறுத்தி வைத்த காரின் இயந்திரப் பகுதி ஆகிய இடங்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். கதவைப் பூட்டுமுன் பூனை எங்கே என்று பார்ப்பது அத்தகைய வீட்டில் பழக்கமாக வேண்டும். வலியையும் அது குரலால் சொல்லாது. தீனி குறைவது, சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவது, ஒளிந்துகொள்வது, உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவது ஆகியவைதான் அதன் புகார்.

பிறவியிலேயே குறைவாகக் கத்தும் பூனை வேறு, கத்திக்கொண்டிருந்த பூனை திடீரென்று ஊமையாவது வேறு. சளிக்காய்ச்சல் வகைத் தொற்று, தொண்டையில் முள் அல்லது கட்டி, குரல்வளை நரம்பின் செயலிழப்பு எதுவாகவும் இருக்கலாம். குரல் மாறி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், நடை தளர்ந்தால் வெறிநோயையும் ஐயுற வேண்டும். அப்போது வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழைப்பதே வழி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசியும் போட வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.